80 நிமிடத்துக்குள் மதுரை சோமு

பெரியப்பாவின் காரில் யுஎஸ்பி கிடையாது, புளூடூத் கிடையாது. சிடியை விழுங்கும் ஒரு நீளப் பிளவு மட்டும் உண்டு. அதற்கும் ஏகப்பட்ட ஆசாரம். எம்பி3 எழுதிய தட்டைக் கொடுத்தால் கொஞ்ச நேரம் உள்ளே வைத்துக் கடகடவென்று யோசித்துவிட்டு வெளியே துப்பிவிடும். முறைப்படி எழுதிய ஆடியோ சிடி என்றால்தான் பாடும். செட்டையாவது மாற்றுவோம் என்றால், "நல்லாத்தானடா இருக்கு? இதுல மூணுன்னு அமுக்குனா மூணாவது பாட்டு வருது. உங்க போன்ல எங்க அமுக்குனா எது வரும்னு எவனுக்குத் தெரியும்?" என்பார். அதில் நியாயம் இருப்பதால் வருஷத்துக்கு மூன்று நான்கு முறை நான் சிடி எழுதுகிறேன்.

காலி சிடி வாங்குவதே இப்போது தனி வேலை. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் நாலு கடை ஏறி இறங்கினேன். ஐந்தாவது கடையில் பையன் பரணில் இருந்து ஒரு கட்டை இறக்கித் தூசி தட்டிக்கொண்டே, "ஸ்கேன் சென்டருக்காண்ணே?" என்று கேட்டான். எக்ஸ்ரே, எம்ஆர்ஐ படங்களைப் பதிந்து தருவதற்குத்தான் இன்னும் கொஞ்சம் விற்கிறதாம். பாட்டுக்கு என்று சொன்னதும் அவன் பார்த்த பார்வையில் கேலி இல்லை, அக்கறை இருந்தது. நூறு தட்டு கொண்ட கட்டையாக வாங்கிக்கொண்டேன். இனி எப்போது கிடைக்குமோ.

இதே வட்டாரத்தில், எண்பதுகளின் நடுவில், நான் கோடு போடாத தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு போய் நின்றிருக்கிறேன். ரெக்கார்டிங் சென்டர் என்றால் ஓர் ஆள் அகலக் கடை. சுவர் முழுக்க எல்பி ரெக்கார்டுகள், நடுவே இரண்டு டெக், அவற்றுக்கு முன்னால் ஒரு அண்ணன். பட்டியலை வாங்கிப் படித்து, எதிரிலேயே இரண்டு பாட்டை அடித்துவிட்டு வேறு இரண்டை எழுதுவார். கேட்டால், "அறுபது கேசட்டு தம்பி. ஒரு பக்கம் முப்பது நிமிஷம். நீ எழுதுன வரிசையில போட்டா ஆறாவது பாட்டு சரணத்துல அறுந்துரும்" என்பார். எந்தப் பாட்டு எத்தனை நிமிடம் என்பது அவருக்கு மனப்பாடம். பக்கத்தின் கடைசியில் ஒன்றரை நிமிடம் மிச்சம் விழுந்தால் ஏதாவது படத்தின் டைட்டில் இசையைப் போட்டு நிரப்புவார். வெறும் நாடா ஓடுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். பதிவு ஓடும்போது கண் முழுக்க முள் மேல் இருக்கும். பழைய பாட்டில் முள் எழும்பாவிட்டால் திருகியைக் கொஞ்சம் ஏற்றுவார், புதுப் பாட்டில் சிவப்பில் முட்டினால் இறக்குவார். சட்டப்படி அது சரியான தொழிலா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அண்ணன் கொஞ்சம் திணறியிருப்பார்.

மூன்று நாள் கழித்துக் கேசட் கைக்கு வரும். அதைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிப் போய் நகல் எடுப்பார். அந்த நகலில் இருந்து அவருடைய மைத்துனர் இன்னொன்று. மூன்றாம் தலைமுறையில் பாடகி திரைச்சீலைக்குப் பின்னால் போயிருப்பார். முன்னால் ஸ்ஸ்ஸ் என்ற இரைச்சல் உட்கார்ந்திருக்கும்.

சிடி அதற்கு முன்பே பிறந்துவிட்டது. பிலிப்ஸும் சோனியும் 1980இல் விதிமுறை எழுதி முடித்தன. அந்தப் புத்தகத்துக்குச் சிவப்பு அட்டை. அதனால் ரெட் புக் என்று பெயர். 1982இல் ஜப்பானில் கடைக்கு வந்தது. மதுரையில் நான் பார்த்தது தொண்ணூறுகளில், அதுவும் கண்ணாடி அலமாரிக்குள். ஈழத்தில் இறுவட்டு, இங்கே மேடையில் குறுந்தகடு. வீட்டில் எல்லோருக்கும் சிடிதான்.

ரெட் புக்கின் கணக்கு அழகானது. ஒலியை விநாடிக்கு 44,100 முறை துளித் துளியாக அளந்து, ஒவ்வொரு துளியையும் 16 பிட் எண்ணாக எழுதுகிறார்கள். இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. ஏன் முழுசாக 44,000 இல்லை? காரணம் டிவி. அந்தக் காலத்தில் இத்தனை எண்களைச் சேமிக்க வீடியோ டேப்பை விட்டால் நாதி இல்லை. படத்தின் ஒரு கோட்டுக்கு மூன்று துளி, ஒரு புலத்துக்கு, அதாவது பாதிப் படத்துக்கு, 245 கோடு, விநாடிக்கு 60 புலம் என்று பெருக்கினால் 44,100 வரும். ஐரோப்பிய முறையில் 294 கோடு, 50 புலம் என்று பெருக்கினாலும் அதே 44,100. இரண்டு ஊர் டிவிக்கும் பொருந்திய எண் என்பதால் நிலைத்துவிட்டது. படம் பார்க்கச் செய்த கருவியின் தழும்பு இன்றுவரை பாட்டில் இருக்கிறது.

ஒரு தட்டுக்கு முதலில் 74 நிமிடம் என்று வைத்ததற்கும் கதை உண்டு. பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி முழுசாக அடங்க வேண்டும் என்று சோனியில் ஆசைப்பட்டார்களாம். சிடி உருவாக்கத்தில் வேலை பார்த்த பிலிப்ஸ் பொறியாளர் கீஸ் இம்மிங்க், விஷயம் அவ்வளவு ரொமான்டிக் இல்லை, கம்பெனிகளுக்குள் நடந்த கணக்கு வழக்கும் அதில் உண்டு என்று பின்னாளில் எழுதினார். எப்படியோ, அளவெடுத்தவர்கள் விடிய விடியப் பாடும் மதுரை சோமுவின் திருவிழாக் கச்சேரியை மனதில் வைக்கவில்லை. வைத்திருந்தால் சிடி தாம்பாள அளவுக்கு வந்திருக்கும்.

எங்கள் தெருவில் சிடி எழுதும் கருவி வந்தது 2001 வாக்கில், ஒரு பிரவுசிங் சென்டரில். ஒரு தட்டு எழுத இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் கடையில் மரண அமைதி. "யாரும் மவுஸைத் தொடாதீங்க, ரைட்டிங் ஓடுது!" என்று பையன் கையை விரித்துக் காவல் நிற்பான். காரணம் இதுதான்: லேசர் எழுத ஆரம்பித்துவிட்டால் இடையில் நிற்கக் கூடாது. கம்ப்யூட்டர் தரவை ஊட்டுவதில் ஒரு கணம் பிந்தினாலும் தட்டு பாழ். வடை சுடும்போது மாவு தட்டுகிறவர் எழுந்து போன மாதிரி. 2000இல் சான்யோ இதற்கு ஒரு தீர்வு கொண்டுவந்தது: தரவு வராவிட்டால் லேசர் நின்று, வந்ததும் விட்ட இடத்தில் தொடரும். அந்த வசதி எங்கள் தெருவை எட்டும் முன் பாழான தட்டுகளெல்லாம் ஆட்டோ முகப்பிலும், சைக்கிள் மட்கார்டிலும், ஊரில் கத்தரித் தோட்டத்தில் குருவி விரட்டவும் போய்ச் சேர்ந்தன.

எழுதும் மென்பொருளின் பெயர் நீரோ. ரோம் எரிந்தபோது பிடில் வாசித்ததாகச் சொல்வார்களே, அவரேதான். சிடிராமில் வரும் ராமும் ஜெர்மன்காரர்களின் ரோமும் எழுத்துக்கூட்டில் ஒன்று. செய்தவர்கள் ஜெர்மன்காரர்கள், சிலேடை அவர்களுக்குச் சும்மா கிடைத்தது.

அப்புறம் விலை சரிந்தது. டெல்லிக்குப் பக்கத்தில் நொய்டாவில் மோசர் பேர் கோடிக்கணக்கில் தட்டு அடித்துத் தள்ளியது. உலகத்தின் பெரிய தட்டு ஆலைகளில் ஒன்று நம் நாட்டில் இருந்தது என்பது இன்று நினைத்தால் விசித்திரம். அதே கம்பெனியைக் கலைக்க 2018இல் உத்தரவானது. இடைப்பட்ட காலத்தில் நாங்கள் சிடி எழுதிய வேகத்துக்கு ஈடே இல்லை. ஆனால் என்ன எழுதினோம்?

எம்பி3ஐ எழுதினோம். தரவிறக்கிய 128 கிலோபிட் பாட்டை நீரோவிடம் கொடுத்தால் அது சமர்த்தாக ஆடியோ சிடியாக மாற்றித் தரும். ஆடியோ சிடியின் ஓட்டம் விநாடிக்கு 1,411 கிலோபிட். பதினொரு மடங்கு! தரம் கூடிவிட்டது என்று நம்பினோம். அரிசியைத் தீட்டித் தவிட்டை மாட்டுக்குப் போட்டுவிட்டு, அந்த அரிசியைப் பெரிய மூட்டையில் கொட்டினால் தவிடு திரும்பி வருமா? சிம்பலின் சிலிர்ப்பும் மிருதங்கத்தின் மீட்டு அடங்கும் வாலும் போனது போனதுதான்.

அதே வருஷங்களில் இதற்கு மாற்றும் தயாராகிக்கொண்டிருந்தது. ஜாஷ் கோல்சன் என்பவர் 2000இல் தொடங்கி 2001இல் முதல் முழு வடிவத்தை வெளியிட்டார். அதுதான் ஃபிளாக். எட்டு முழ வேட்டியை மடித்துப் பெட்டியில் வைப்பது மாதிரி அதன் வேலை. இடம் ஏறக்குறையப் பாதியாகும். பிரித்தால் அதே எட்டு முழம், ஓர் இழை குறையாது. ஆப்பிள் தன் பங்குக்கு 2004இல் ஒன்று கொண்டுவந்தது. என் காதுக்கு இவை எட்டியது 2009இல். அன்று முதல் வீட்டில் இருந்த அசல் சிடிகளை ஒவ்வொன்றாக ஹார்ட் டிஸ்கில் இறக்கினேன். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள் கீறல் விழுந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, ஒத்துப் போனால்தான் நகரும். ஒரு தட்டுக்கு ஒரு மணி நேரம் எடுத்த நாளும் உண்டு. வீட்டில், "அப்படி என்னதான் அதுல தேய்க்கிறீங்க?" என்று கேட்டார்கள்.

இதற்கு நடுவே ஒரு நாள் பழைய ஜிப் பையைத் திறந்தேன். 2003, 2004இல் 'பத்திரமாக இருக்கட்டும்' என்று எழுதி வைத்த தட்டுகள். மேலே எந்தப் பெயரும் அச்சிடாத மலிவுச் சரக்கு. பாதிக்கு மேல் படிக்கவில்லை. எழுதும் சிடியில் அசலைப் போல் அச்சுக் குழி இல்லை, சாயம்தான். லேசர் சாயத்தைச் சுட்டுக் கறுப்புப் புள்ளி வைக்கிறது. வெயிலும் ஈரமும் அந்தச் சாயத்தை மெதுவாகத் தின்றுவிடும். இன்னொரு விஷயத்தை அன்றுதான் கவனித்தேன். நாம் பளபளப்பான அடிப்பக்கத்தைக் கண்ணாக வைத்துக் காப்போம், மேல்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திப் பெயர் எழுதுவோம். சாயமும் உலோகப் படலமும் இருப்பது மேல்பக்கத்துக்கு நூலிழை கீழே. அடிப்பக்கத்தில்தான் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் காவல். இத்தனை வருஷமும் வாசலைப் பூட்டிக் கொல்லையைத் திறந்து போட்டிருக்கிறேன்.

அன்று தட்டு பெட்டகமாக இருந்தது. கம்ப்யூட்டரில் இருப்பதை நம்பாமல் சிடியில் எழுதி வைத்தோம். இன்று பாட்டு இருப்பது இரண்டு ஹார்ட் டிஸ்கில், ஒன்று மதுரையில், ஒன்று தங்கை வீட்டில். தட்டு பூ மாதிரி. சூடுவதற்கு. மே மாத வெயிலில் காருக்குள் கிடந்து அது செத்தால் இன்னொன்று எழுதினால் போயிற்று. அன்றைய நகலின் நகல் போல் இது தேயாது. ஃபிளாக்கைப் பிரித்து எழுதிய தட்டு, எந்த அசல் சிடியில் இருந்து வந்ததோ அதற்கு இரட்டைப் பிள்ளை. திரும்ப இறக்கி ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். தொடக்கத்தில் சில துளிகள் முன்னே பின்னே நகர்ந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் எழுதுவது எளிதாகிவிட்டதா என்றால், கருவி எளிது, வேலை எளிதில்லை. சென்ற பொங்கலுக்குப் பெரியப்பா மதுரை சோமு கேட்டார். சோமு 1989இல் காலமானார். விடிய விடியப் பாடக்கூடியவர் என்று பெயர். பெரியப்பாவின் சிநேகிதர் ஒருவர் கோயில் திருவிழாவில் மைக் செட்காரர் பக்கத்திலேயே டேப் ரெக்கார்டரை வைத்துப் பிடித்த மூன்று தொண்ணூறு நிமிடக் கேசட்டுகள் எங்கள் வீட்டுச் சொத்து. அவற்றைச் சில வருஷம் முன்பு 24 பிட், 48,000 துளிக் கணக்கில் கம்ப்யூட்டரில் ஏற்றி ஃபிளாக்காக வைத்திருந்தேன். கேசட்டைப் பக்கம் திருப்பிய அரை நிமிடங்கள் மட்டும் உலகத்தில் எங்கேயும் இல்லை. இழப்பே இல்லாத வடிவம் என்று பீற்றிக்கொள்ளலாம். அதற்குள் வந்து சேராததை அதுவும் தர முடியாது.

இதை 80 நிமிடத் தட்டுக்குக் கொண்டுவர வேண்டும். முதலில் துளிக் கணக்கை மாற்றவேண்டும்: 160 துளி இருந்த இடத்தில் 147. மென்பொருள் கணக்குப் போட்டுத் தரும். நான்தான் அவசரத்தில் மாற்றாமல், கோப்பின் நெற்றியில் 44,100 என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாள் பெரியப்பா போன் செய்தார். "ஏண்டா, சோமுவுக்கு அன்னைக்கு ஜலதோஷமா?" சுருதி முக்கால் கட்டை இறங்கியிருந்தது. தனி ஆவர்த்தனம் சோறு தின்றுவிட்டு வாசித்தது போல் நடந்தது. அவர் சங்கீதம் படித்தவர் இல்லை. ஆனால் அந்தக் குரலின் உயரம் காதில் இருக்கிறது.

அடுத்தது 24 பிட்டை 16 ஆக்குவது. மிச்ச எட்டைச் சும்மா வெட்டினால் மெல்லிய இடங்களில் ஒலி கரகரக்கும்; அதனால் பொடி இரைச்சல் தூவி வட்டமிட வேண்டும் என்பது விதி. விதியைப் படித்துவிட்டுச் சிரித்தேன். கேசட்டில் இல்லாத இரைச்சலா? நாம் தூவ வேண்டிய பொடியை அது ஏற்கெனவே மூட்டையாகத் தூவி வைத்திருக்கிறது.

உண்மையான தொல்லை இடைவெளி. சிடி எழுதும் முறையில் இரண்டு வகை. ஒவ்வொரு பாட்டாக எழுதி லேசரை அணைத்து மூட்டுவது ஒன்று. அதில் பாட்டுக்குப் பாட்டு இரண்டு விநாடி மௌனம் விழும். சினிமாப் பாட்டுக்கு அது சுகம். கச்சேரிக்குக் கொலை. ஆலாபனையின் கடைசி மூச்சுக்கும் பல்லவியின் முதல் எழுத்துக்கும் நடுவில் இரண்டு விநாடி ஊமையாக நின்றால், தாளம் போட்டுக்கொண்டிருக்கும் கை தொடையில் எங்கே விழும்? அதனால் தட்டு முழுவதையும் ஒரே மூச்சில் எழுதும் முறை. டிஸ்க்-அட்-ஒன்ஸ் என்று பட்டியலில் இருக்கும். அதிலும் ஒரு நுணுக்கம். சிடி ஒரு விநாடியை 75 கட்டமாகப் பிரிக்கிறது, கட்டத்துக்கு 588 துளி. பாட்டு கட்டத்தின் விளிம்பில்தான் தொடங்க முடியும். நான் இஷ்டப்பட்ட இடத்தில் வெட்டினால் கடைசிக் கட்டத்தின் மிச்சத்தை மென்பொருள் மௌனத்தால் நிரப்பும். காதில் டிக் என்று கேட்கும். கைதட்டலுக்கு நடுவில் ஒரு டிக். ஆகவே துண்டு துண்டாக வெட்டாமல் முழுக் கச்சேரியையும் ஒரே கோப்பாக வைத்து, எங்கெங்கே எண் மாறுகிறது என்பதை மட்டும் தனிக் குறிப்பாக எழுதிக் கொடுக்கிறேன்.

சினிமாப் பாட்டுத் தட்டுக்கு வேறு பிரச்சினை. 1980களின் பாட்டு அடக்கமாக இருக்கும்; 2010க்குப் பிந்தியது ஸ்பீக்கரைப் பிடித்து உலுக்கும். போனில் கேட்டால் ஆப் சமன் செய்துகொள்ளும். தட்டில் அப்படி ஒரு குறிப்பு எழுத இடமில்லை. எழுதும் முன்பே ஏற்றி இறக்க வேண்டும். ஏற்றி இறக்கினால் 'ஓர் இழை குறையாது' என்ற பெருமை போய்விடும். நான் இறக்கிவிடுகிறேன். கம்ப்யூட்டர் திரையில் பச்சைக் கோடுகள் எழும்பித் தணிவதைப் பார்க்கும்போது ரெக்கார்டிங் சென்டர் அண்ணன் முள்ளை முறைத்தபடி உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வரும். பாட்டின் பெயர் செட்டின் திரையில் தெரிய வைக்க ஒரு வசதி உண்டு. அதில் ஜப்பானிய எழுத்துக்கு இடம் வைத்தவர்கள் தமிழுக்கு வைக்கவில்லை. எனவே பெயர்களைப் பென்சிலால் அட்டையில் எழுதுகிறேன், பெரிய எழுத்தில், பெரியப்பா கண்ணாடி இல்லாமல் படிக்கிற மாதிரி.

எஞ்சியது நாலரை மணி நேரத்தை எண்பது நிமிடமாக்குவது. ஹார்ட் டிஸ்கில் கிடக்கிறவரை எதையும் நீக்கத் தேவையில்லை, அதனால் எதையும் தேர்ந்தெடுத்ததும் இல்லை. கச்சேரி முழுவதையும் நான் கவனமாகக் கேட்டதே இந்தத் தட்டுக்காகத்தான். மூன்று இரவு. வர்ணத்தை நீக்கினேன். நடுவில் ஒரு கீர்த்தனையை எடுத்தேன். தனியில் பாதியை எடுத்துவிட்டு மனசு கேட்காமல் திரும்பச் சேர்த்தேன். கடைசியில் 82 நிமிடத்தில் வந்து நின்றது. ஏழு நிமிட விருத்தம் ஒன்றை விட்டேன். 75இல் அடங்கியது. மிச்ச ஐந்து நிமிடத்தை வெறுமனே விட மனமில்லாமல் திருவிழா மேளத்தில் கொஞ்சம் போட்டு நிரப்பினேன்.

52 மடங்கு வேகத்தில் எழுதலாம் என்று டிரைவ் சொல்லும். நான் 16க்கு மேல் போவதில்லை. பழைய கார் செட்டுகள் அவசரமாக எழுதியதை அடையாளம் கண்டு முகம் சுளிக்கும். இரண்டு பிரதி எழுதி, ஒன்றைப் பெரியம்மாவிடம் பீரோவில் வைக்கச் சொல்லிக் கொடுத்தேன்.

நாலு நாள் கழித்துப் பெரியப்பா போன் செய்தார். அழகர்கோவில் போய்விட்டு வந்திருக்கிறார், போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை கேட்டாராம். சுருதி சரியாக இருக்கிறது என்றார். கைதட்டு அறுபடவில்லை என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அந்த விருத்தம் எங்கடா?" என்றார்.

"எண்பது நிமிஷத்துக்குள்ள அடங்கல பெரியப்பா. ஏதாவது ஒண்ண விட்டாத்தான்..."

"எதுக்கு விடணும்? இன்னொரு தட்டுல போடு. நூறு வாங்கி வச்சிருக்கேல்ல?"

தொண்ணூற்றேழு இருக்கிறது என்றேன். அன்று இரவே உட்கார்ந்தேன்.